ஒரு பேரனின் வினாவும் அநர்த்த தண்ட விரதமும்

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, அறநெறி அன்பர்கள்முன் ஒரு வினாவை வைக்க விழைகின்றேன். அவ்வினா என்னுடையதன்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பொறியாளனாகப் பணிபுரியும் என் பேரனுடையது.

அவனுடைய அலுவலக நண்பர் ஒருவர் வேட்டையில் நாட்டம் உடையவர். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் உரிமம் பெற்று, மலைச்சாரல்களில் மேயும் எல்க் என்னும் பெரிய மானைச் சுடச் செல்பவர். இம்முறை 600 கெஜத் தொலைவிலிருந்து சுட எண்ணினார். அதற்கேற்ற ரைபிள் தோட்டா எது எனக் கணக்கிட்டுச் சொல்லுமாறு, கணக்கில் வல்லவனாகிய என் பேரனை வேண்டினார். அவனும் இரண்டு மாலைப் பொழுதுகள் கணினியின் முன் அமர்ந்து அட்டவணை ஒன்று ஆக்கிக் கொடுத்தான். அதன்பின் அவனுக்கு உறக்கம் வரவில்லை போலும். தொலைபேசியில் அழைத்து, “பாட்டி, நான் துப்பாக்கியைத் தொடவில்லை. கணக்கு மட்டும்தான் போட்டுக் கொடுத்தேன். எனக்கும் பாவம் உண்டா?” என்று கேட்டான்.

“முதலில் அந்தக் கணக்கைச் சொல்” என்றேன். பிழை எங்கே உள்ளது என்று காணக் கணக்கை முதல் வரியிலிருந்து பார்ப்பது ஆசிரியர் வழக்கமன்றோ?

அவன் கூறியவற்றைச் சுருங்கச் சொல்கின்றேன். தோட்டாக்களில் பல வகை உண்டு. 1906இல் அமெரிக்கப் படைக்கென ஏற்கப்பட்ட .30-06 ஸ்பிரிங்பீல்டு, இன்றும் வேட்டைக்காரர் கையில் உள்ளது. 1962இல் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமும், 1963இல் .300 வின்செஸ்டர் மேக்னமும், 2007இல் 6.5 கிரீட்மோரும் வந்தன. குண்டின் எடை, புறப்படும் வேகம், காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம், சென்று சேரும்போது எஞ்சியிருக்கும் ஆற்றல் ஆகியவற்றை ஒப்பிட்டே தேர்வு செய்கின்றனர். 100 கெஜத்தில் குறைந்தது 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருத்தல் வேண்டும் என்பது கொலராடோ மாநில விதி.

.300 மேக்னம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 3,000 அடி வேகத்தில் புறப்படுகின்றது. ஆயினும் 600 கெஜத்தைக் கடக்க அதற்கு முக்கால் நொடி ஆகும். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் இளங்காற்று, அத்தொலைவில் குண்டை ஏறத்தாழ இரண்டடி விலக்கிவிடும். மானின் நெஞ்சுப் பகுதியோ ஒன்றரை அடிக்கு மேற்படாது. அந்த முக்கால் நொடியில் மான் ஓரடி எடுத்து வைத்தால், நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் படும். வெடியோசை மானின் செவியை அடைவதற்கு ஒன்றரை நொடிக்கு மேலாகும். ஆகவே குண்டு தைத்த பின்னரே ஓசை கேட்கும். ஓடித் தப்பும் வாய்ப்பினை அத்தொலைவு அவ்வுயிர்க்குத் தருவதில்லை.

இங்கே ஒன்றை நடுவுநிலையோடு கூற வேண்டும். அந்த நண்பர் கொடியவர் அல்லர். வலிமை குன்றிய தோட்டா மானைக் காயப்படுத்தும். அது காட்டினுள் ஓடி நெடுநேரம் துடித்துச் சாகும். அவ்வாறு நேரலாகாது என்பதற்காகவே தக்க தோட்டாவைத் தேடினார். ஈயக் குண்டினை விடுத்துச் செம்புக் குண்டினையும் விரும்பினார். வேட்டைக்காரர் எறிந்த குடலில் கிடக்கும் ஈயத் துகள்களை உண்டு காண்டர் என்னும் பெருங்கழுகுகள் மடிவதனால், கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டினை முற்றும் தடை செய்துள்ளது. தொலைவிலிருந்து சுடுவதை வேட்டைக்காரருள்ளும் அனைவரும் ஏற்கவில்லை. 1887இல் தோன்றிய பூன் அண்டு கிராக்கெட் கழகம், கருவியின் திறத்தைச் சோதிப்பதற்காகவே நெடுந்தொலைவிலிருந்து உயிரைச் சுடுவது வேட்டை எனும் பெயர்க்கே உரியதன்று என்று கூறுகின்றது. இவையெல்லாம் இரக்கத்தின் சிறு முளைகளே. நாம் எள்ளத் தக்கன அல்ல.

எனினும், இந்த இரக்கம் எங்கே நின்றுவிடுகின்றது என்று நோக்குங்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம் படைச்சாலையில் செய்யப்பட்டு, உடலுள் விரிந்து பெரும்புண் ஆக்கிய குண்டு ‘டம்டம் குண்டு’ என்று பெயர் பெற்றது. அத்தகைய குண்டுகளைப் போரில் மனிதர்மேல் செலுத்தலாகாது என 1899இல் தி ஹேக் நகரில் கூடிய நாடுகள் பல உறுதிமொழி கொண்டன. மானைச் சுடுவதற்கோ, விரியும் குண்டினையே கொள்ள வேண்டும் என்பது கொலராடோவின் விதி. மனிதனிடத்து இரக்கம் ‘விரியாதே’ என்றது. மானிடத்து இரக்கம் ‘விரைந்து கொல்’ என்றது. ‘கொல்லாதே’ என்னும் சொல் இரண்டிடத்தும் எழவில்லை. எப்படிக் கொல்வது என்று நுணுகி ஆராயும் அறிவு, ஏன் கொல்ல வேண்டும் என்று ஒருமுறையும் கேளாதிருப்பதே இக்கணக்கின் முதல் வரியிலுள்ள பிழை.

இனி நம் அறநூல் கூறுவதைக் காண்போம். ஆரம்பம், உத்தியோகம், விரோதம், சங்கல்பம் என இம்சை நால்வகைப்படும். சமையலிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் முதல் மூன்றினை இல்லறத்தார் இயன்றவரை குறைக்க வேண்டும். கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கல்ப இம்சையை அறவே விலக்க வேண்டும். வேட்டை சங்கல்ப இம்சை. ஏழு வியசனங்களுள் ஒன்று. இதில் ஐயமில்லை.

ஆனால் பேரன் வேட்டையாடவில்லையே? அவனுக்கு விடை கூறுவது அநர்த்த தண்ட விரதம். ஆசார்ய சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் பயனின்றி வினையீட்டும் செயல்களை ஐந்தாக வகுத்துள்ளார். தீவினைக்கு வழி சொல்லுதல் பாவோபதேசம். கொலைக் கருவி ஈதல் இம்சாதானம். பிறர்க்குக் கேடு நினைத்தல் அபத்தியானம். மனத்தைக் கெடுப்பன கேட்டல் துச்சுருதி. கருத்தின்றி நீரையும் நெருப்பையும் மண்ணையும் மரத்தையும் நலிதல் பிரமாதசரியை. அட்டவணை ஆக்கிக் கொடுத்தது பாவோபதேசமே. மானின் ஊனும் தோலும் நண்பருக்குப் பயன்படலாம். என் பேரனுக்கு அதனால் என்ன பயன்? ஒரு பயனுமின்றிப் பங்கு மட்டும் பெற்றான். செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் வினையே. ஒருவர் செய்த இம்சையின் பயன் பலரைச் சாரும் என்று ஆசார்ய அமிர்தசந்திரரும் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விளக்கியுள்ளார்.

இன்னும் நுட்பமான ஒன்றுண்டு. கணக்குப் போடுகையில் அவன் மனம் எவ்வாறு இருந்தது என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, “மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, பாட்டி. எண்கள் பொருந்தி வந்தபோது கை தட்டினேன்” என்றான். இதுவே நாம் அஞ்ச வேண்டிய இடம். கொலையில் மகிழும் எண்ணம் இம்சானந்தம் எனும் ரௌத்திர தியானம். மான் மலையில் மேய்ந்துகொண்டிருக்கும்போதே மேசைமேல் பாவ இம்சை நிகழ்ந்து முடிகின்றது. திரவிய இம்சை பின்னர் நிகழினும் நிகழும், நிகழாதும் போகும்.

யசோதர காவியக் கதையை நாம் அறிவோம். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் பல பிறவிகளில் உழன்று, இறுதியில் கோழிகளாயினர். முனிவர் உரைத்த அறம் கேட்டு மகிழ்ந்து கூவினர். அரசியோடு இருந்த யசோமதி மன்னன், ஓசையைக் குறியாகக் கொண்டு எய்யும் தன் வில்திறத்தைக் காட்ட விரும்பி, காணாமலே அம்பு தொடுத்தான். குறி தப்பவில்லை. வீழ்ந்த கோழிகளோ அவனுடைய தந்தையும் பாட்டியும்! நெடுந்தொலைவுக் குறிக்கு இதனினும் தக்க உவமை உண்டோ? தொலைநோக்கிக் கண்ணாடி மானின் மயிரைக்கூட அருகே காட்டும். அவ்வுயிர் நமக்கு எப்பிறவியில் யாராயிருந்தது என்பதைக் காட்டாது.

பேரனைக் குறை கூறும் தகுதி எனக்கும் முழுமையாக இல்லை. ‘மரத்தில் பத்துக் குருவிகள், வேடன் ஒன்றைச் சுட்டான், மீதி எத்தனை?’ என்னும் புதிரை எத்தனையோ வகுப்புகளில் கேட்டுச் சிரித்திருக்கின்றேன். ‘ஒன்றுமில்லை, எல்லாம் பறந்துவிட்டன’ என்பது விடை. ஒருமுறை ஒரு சிறுமி எழுந்து, “டீச்சர், கீழே விழுந்த குருவியை யாரும் எண்ணவில்லையே?” என்றாள். அவளை உட்காரச் சொன்னேன். அவள் சொன்னதே சரியான விடை என்று உணர எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. பேரனின் அட்டவணையில் வேகத்திற்கும் காற்றிற்கும் ஆற்றலுக்கும் இடம் இருந்தது. விழும் உயிர்க்கு இடமில்லை.

ஆகவே அவனிடம் கூறினேன்: “பாவம் உண்டு, கண்ணா. ஆனால் நீ வினவியதே அது கரையத் தொடங்கியதற்கு அடையாளம். செய்ததை மறைக்காமல் ஆலோசனை செய். இனிச் செய்யேன் எனப் பிரத்தியாக்கியானம் கொள். நண்பரைப் பழிக்காதே, உன் அறம் இது என்று மட்டும் பணிவோடு சொல்.” அவ்வாறே அவன் சொன்னான். நண்பர் சினக்கவில்லை, ஆனால் அட்டவணையை எடுத்துக்கொண்டு மலைக்குச் சென்றார். கொடுத்த உபதேசத்தைத் திரும்பப் பெற இயலாது. அதனாலன்றோ பெரியோர் கொடுக்குமுன் எண்ணச் சொன்னார்கள்!

அன்பர்களே, நம் இல்லங்களில் ரைபிள் இல்லை. ஆனால் குழந்தைகள் கைப்பேசியில் மானைச் சுட்டு எண்ணிக்கை சேர்க்கின்றனர். நாமும் அருகிருந்து புன்னகைக்கின்றோம். கேட்டவர்க்கெல்லாம் எலி மருந்தின் பெயரையும் பூச்சி மருந்தின் அளவையும் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். இன்று மாலை சாமாயிகத்தில் அமரும்போது, ‘நான் கொன்றேனா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘என் சொல்லும் கணக்கும் புன்னகையும் எவ்வுயிரின் வீழ்ச்சிக்குத் துணையாயின?’ என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக.

எல்லா உயிர்களும் இன்புறுக! ஜினதருமம் வாழ்க!