தளராமையும் தாழ்மையும்

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஜெபத்தைப் பற்றி இரண்டு உவமைகளை இயேசு அடுத்தடுத்துச் சொல்கிறார். முதலாவதில் ஒரு விதவை. கடவுளுக்கு அஞ்சாத, மனிதரையும் மதிக்காத நியாயாதிபதியிடம் அவள் திரும்பத் திரும்பப் போய் நீதி கேட்கிறாள், கடைசியில் பெறுகிறாள். இரண்டாவதில், ஆலயத்துக்கு ஜெபிக்கப் போகும் இருவர்: ஒருவன் பரிசேயன், மற்றவன் ஆயக்காரன்.

அவர்களில் பரிசேயனும் விடாமுயற்சி உள்ளவன்தான். வாரத்துக்கு இரண்டு முறை உபவாசம், தவறாத தசமபாகம். ஆனால் அந்த ஒழுங்கையே அடுத்தவனை அளக்கும் கோலாக்கிவிட்டான். ஆயக்காரனோ தூரத்தில் நின்று, தலை நிமிரவும் துணியாமல் இரக்கம் மட்டுமே கேட்டான். நீதிமானாக வீடு திரும்பியவன் அவனே.

இரண்டு உவமைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். தாழ்மை இல்லாத விடாமுயற்சி, ‘இத்தனை காலம் ஜெபித்தேனே’ என்று கடவுளிடம் கணக்குக் காட்டத் தொடங்கும். விடாமுயற்சி இல்லாத தாழ்மை, ‘என் ஜெபத்துக்கு என்ன மதிப்பு’ என்று சோர்ந்துவிடும். முன்னது கர்வம், பின்னது அவநம்பிக்கை.

பல ஆண்டுகளாக ஒரே விண்ணப்பத்தை நெஞ்சில் சுமப்பவர்களே, இன்றும் கேளுங்கள். நம் தகுதியைச் சொல்லி அல்ல, அவருடைய இரக்கத்தை நம்பிக் கேளுங்கள். பதில் தாமதித்தால் ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். பதில் கிடைத்தால் அதைப் பிறர்முன் பெருமையாக்காதீர்கள். கேட்கும் துணிவும் தலைவணங்கும் மனமும் சேர்ந்திருப்பதே விசுவாசம்.