கோவூர்கிழார் கேட்காத கேள்வி

2022 ஜூலையில் பி.பி.சி. ஒளிபரப்பிய ஆவணப்படத்தில், பிரிட்டனின் நெடுந்தூர ஓட்டக்காரர் சர் மோ ஃபாரா தம் உண்மைப் பெயர் அதுவல்ல என்று சொன்னார். பெற்றோர் வைத்த பெயர் ஹுசைன் அப்தி காஹின். பிறந்தது சோமாலிலாந்தில். நான்கு வயதில் உள்நாட்டுப் போர் தந்தையைப் பறித்தது. ஒன்பது வயதளவில், முன்பின் அறியாத பெண்ணொருத்தி வேறொரு பிள்ளையின் பெயர் கொண்ட ஆவணங்களோடு அவரை லண்டனுக்குக் கொண்டுபோனாள். உறவினரின் முகவரி எழுதிய தாளை அவர் கண்ணெதிரே கிழித்துப் போட்டாள். அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்தது வேலைக்காரன் வாழ்வு. படம் வந்ததும் ஒரு கேள்வி எழுந்தது: பொய்ப் பெயரில் பெற்ற குடியுரிமை செல்லுமா?

செல்லும்; செல்ல வேண்டும். அந்தப் பொய்யைச் சொன்னது பிள்ளை அல்ல, பிள்ளையின் தலையில் அதை ஏற்றியவர்கள்.

பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட முனைந்த சோழன் கிள்ளிவளவனைத் தடுத்து நின்றார் கோவூர்கிழார். புறநானூறு காத்துத் தந்திருக்கும் காட்சி அது. பிள்ளைகளோ யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, புதிய மன்றத்தைப் பார்த்து மிரண்டு நிற்கிறார்கள். தங்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்று அறியாதவர்களுக்குத் தண்டனை ஏது? இந்தச் சிறுவர்கள் வளர்ந்து வீரர் ஆவார்களா, நாட்டுக்குப் பயன்படுவார்களா என்றெல்லாம் புலவர் கேட்கவில்லை. அவர்கள் ஏதுமறியாப் பிள்ளைகள் என்பதை எடுத்துக்காட்டினார். வாய்மைக்கு ஓர் அதிகாரம் முழுதும் ஒதுக்கிய வள்ளுவரே, யாருக்கும் தீங்கு விளைக்காததுதான் வாய்மை என்று வரையறுத்துவிட்டு, களங்கமற்ற நன்மை தருமானால் பொய்யையும் அதன் அருகே அமர்த்துகிறார். பசித்தவரிடம் குலமும் ஊரும் கேட்காமல் சோறிட்டாள் மணிமேகலை. தீர விசாரிக்காமல் ஆணையிட்ட பாண்டியன், தவறு தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டான். நம் நூல்கள் எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

மறுபக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. மோசடியால் பெற்ற குடியுரிமையைப் பறிக்க 1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆவணங்களை நம்ப முடியாவிட்டால் எந்த அரசும் நடக்காது. வளர்ந்த பிறகு 2013இல் எழுதிய தன்வரலாற்றிலும் ஃபாரா இந்த உண்மையை மறைத்தார் என்பது மெய்தான். மனுநீதிச் சோழனைக் காட்டி, சட்டத்துக்கு முன் யாவரும் சமம் என்று வாதிடுவோர் இருக்கலாம். அந்தக் கதையில் தேரை ஓட்டியவன் இளவரசன். இந்தப் பிள்ளையோ தேர்க்காலில் கிடந்த கன்று.

உண்மையை மறைக்காத ஒரு நாளும் அவர் வாழ்வில் இருந்தது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆலன் வாட்கின்சனிடம் சிறுவன் எல்லாவற்றையும் சொன்னான். ஆசிரியர் சமூக நலத்துறைக்குத் தெரிவித்தார். வேறொரு சோமாலியக் குடும்பம் அவனை ஏற்றுக்கொண்டது. ஆசிரியரின் முயற்சியால் 2000இல் குடியுரிமையும் கிடைத்தது. பெரியவர்களிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளை சொல்லிவிட்டான். அதற்குமேல் அவனிடம் எதைக் கேட்பது?

பின் நடந்தது உலகறிந்தது. 2012 லண்டன், 2016 ரியோ ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். ரியோவில் 10,000 மீட்டர் ஓட்டத்தின் நடுவே விழுந்து, எழுந்து ஓடி வென்றார். உலகச் சாம்பியன் போட்டிகளில் ஆறு தங்கம். அரசியார் அளித்த சர் பட்டம். 2023 செப்டம்பரில் கிரேட் நார்த் ரன் ஓட்டத்தோடு ஓய்வு.

உறுத்தல் இங்கேதான். ஃபாராவின் மீது நடவடிக்கை எடுக்கப்போவதில்லை என்று, செய்தி வெளிவந்த மறுநாளே பிரிட்டிஷ் உள்துறை அறிவித்தது. சரியான முடிவு, சந்தேகமில்லை. சிறுவயதில் நடந்த ஏமாற்றுக்குப் பிள்ளையை உடந்தையாகக் கருதுவதில்லை என்பதே தங்கள் வழக்கம் என்றும் துறை சொல்லிக்கொள்கிறது. ஆனால் படத்தில் அவர் கலந்து பேசிய வழக்கறிஞர், குடியுரிமை பறிபோகும் ஆபத்து மெய்யாகவே இருப்பதாக எச்சரித்தார். நாடே கொண்டாடும் வீரருக்கு இந்த நிலை என்றால், அதே போல் கொண்டுவரப்பட்டு, எங்கோ ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் ஒருவர் எந்தத் துணிவில் வாய் திறப்பார்? வேண்டியவர், வேண்டாதவர், அயலார் என்று பாராமல் பகுப்பதே நடுவுநிலைமை என்கிறது குறள். பதக்கம் பார்த்துப் பகுப்பதை அதில் சேர்க்க முடியாது.

குழந்தையாகக் கடத்தி வரப்பட்டவரின் குடியுரிமை பறிக்கப்படாது என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல், பிரிட்டன் தன் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். சர் மோவுக்கு ஒரே நாளில் கிடைத்த பதில், பெயர் தெரியாத அடுத்தவரின் கோப்பிலும் அதே வேகத்தில் எழுதப்பட வேண்டும்.