கண்டது மட்டும்தானா உண்மை?



உங்கள் கையில் இருக்கும் இந்தத் தாளைப் பாருங்கள். கண்ணுக்கு வெண்மை, விரலுக்கு மென்மை, புரட்டினால் ஒரு சலசலப்பு. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டால் தாள் என்று வேறொன்று எஞ்சுமா? எஞ்சாது, புலன்களுக்குத் தோன்றுவதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் தத்துவம் ஒன்று உண்டு.

1710ஆம் ஆண்டில் இதற்கு வழிதிறந்தவர் அயர்லாந்தின் ஜோர்ஜ் பேர்க்லி. பின்னாளில் அங்கிலிக்கன் ஆயரானவர். பொருள்கள் உணரப்படுவதே அவற்றின் இருப்பு என்றார். ஆனால் ஆன்மாவையும் இறைவனையும் அவர் மறுக்கவில்லை. 1739இல் ஸ்கொத்லாந்தின் டேவிட் ஹியூம் இன்னும் ஒருபடி மேலே சென்றார். தமக்குள்ளே தேடினாலும் சூடு, குளிர், இன்பம், துன்பம் என்னும் உணர்வுகளே அகப்படுகின்றன, 'நான்' என்ற ஒருவன் அகப்படவில்லை என்றார். தாள் போயிற்று, ஆன்மாவும் போயிற்று!

ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜோன்சன் ஒரு கல்லை ஓங்கி உதைத்து, பேர்க்லிக்கு இதுவே மறுப்பு என்றாராம். ஆனால் காலில் பட்ட நோவும் ஓர் உணர்வுதானே? இத்தத்துவத்தின் குறையைக் கல்லிலே தேடவேண்டாம். அயலவனின் முகத்திலே தேடுங்கள். அவன் முகம் வாடியிருப்பதைக் காண்கிறேன். அவன் பசியை நான் காண்பதுமில்லை, உணர்வதுமில்லை. எனக்குத் தோன்றுவது மட்டுமே உண்மையானால், அவன் பசி எனக்கு இல்லாத ஒன்று. பிள்ளையின் அழுகுரலைக் கேட்ட எந்தத் தாயாவது, இது வெறும் ஒலி என்று இருந்துவிடுவாளா?

புனித தோமையாரும் புலன்களின் சாட்சியத்தையே கேட்டார். ஆண்டவர் அதை வெறுக்கவில்லை. தம் காயங்களைக் காட்டினார். தோமையார் கண்டது காயப்பட்ட ஒரு மனிதரை. அறிக்கையிட்டதோ தம் கடவுளை. கண் அவரை வாசல்வரை கொண்டுவந்தது. விசுவாசம் உள்ளே அழைத்துச் சென்றது.

திருப்பலியிலும் அப்படியே. குருவானவர் ஆண்டவரின் வார்த்தைகளைச் சொன்ன பின்னும் அப்ப இரசக் குணங்கள் மாறுவதில்லை. உட்பொருளே மாறுகிறது என்று 1551இல் திரிதெந்து பொதுச்சங்கம் போதித்தது.

அந்த எளிய தோற்றத்தின்முன் முழந்தாளிடும் நாம், ஆலய வாசலில் கைநீட்டி நிற்பவனிடம் அழுக்குத் துணியை மட்டும் கண்டு விலகிப்போகலாமா? அப்படிப் போனால், ஒரு தத்துவ நூலையும் படிக்காமலே அத்தத்துவத்தின் சீடராகிறோம். பசித்தவரில் தம்மை அறிந்துகொண்டோமா என்று ஆண்டவர் இறுதிநாளில் கணக்குக் கேட்பார். கண்ணுக்குத் தெரியவில்லையே என்பது அன்று சாக்காகாது. அவரே நம் கண்களைத் திறப்பாராக.