சான்றும் நம்பிக்கையும் சட்டமும்: அறிவியல் நாத்திகரின் நோக்கு

கடவுள் இருப்பதற்குச் சான்று இல்லை என்று முடிவுக்கு வந்த ஓர் அறிவியலாளர், தம்மைப் போல் எண்ணாத பெரும்பான்மையினரோடு ஒரே சட்டத்தின் கீழ் வாழும்போது, அந்தச் சட்டத்திடம் எதை உரிமையோடு கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்ற வினாவில் இரண்டு சிக்கல்கள் பிணைந்து கிடக்கின்றன. உலகத்தைப் பற்றி மதங்கள் சொல்பவை உண்மையா என்பது முதலாவது. அவற்றை உண்மை என்று நம்புவோரையும் நம்பாதோரையும் அரசு எவ்வாறு நடத்த வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதற்கு ஒருவர் சொல்லும் விடை எத்தனை உறுதியானதாக இருந்தாலும், அதுவே இரண்டாவதற்கும் விடையாகிவிடாது. சென்னை கண்ட சிந்தனைகளும் தமிழ்நாட்டில் எழுந்த வழக்குகளும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன.

மயிலாப்பூரில் வளர்ந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1983 இல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர், தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர். 1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது அவர் தொடங்கிய கணக்கு, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன் ஒன்று சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையோடு நிலைத்திருக்க முடியாது என்ற முடிவுக்கு இட்டுச் சென்றது. 1935 இல் லண்டனில் அதை வெளிப்படையாக மறுத்தவர், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த, ஆழ்ந்த சமயப் பற்றுடைய ஆர்தர் எடிங்டன். அந்தப் பூசலில் ஒருவரது நாத்திகமோ மற்றவரது பக்தியோ வாதமாக முன்வைக்கப்படவில்லை. சமன்பாடுகளும் பின்னர்க் கிடைத்த வானியல் சான்றுகளுமே சந்திரசேகரின் முடிவை நிலைநிறுத்தின. நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளை நம்பிய ராமானுஜனும், கடவுளை அறவே ஏற்காத ஜி. எச். ஹார்டியும் கேம்பிரிட்ஜில் ஒரே தேற்றத்தின் மீது சேர்ந்து உழைத்ததும் இதே நெறியால்தான். ஒரு கருத்து எங்கிருந்து உதித்தது என்பதில் அறிவியலுக்கு அக்கறையில்லை. அது சோதனையைத் தாங்குகிறதா என்பதே அறிவியல் கேட்கும் கேள்வி. இந்த ஒழுக்கத்தைப் பழகியவர் சட்டத்துக்குள் எடுத்துச் செல்லக்கூடிய மிகச் சிறந்த செல்வமும் இதுவே.

சட்டத்தின் முன் நாத்திகர் நிற்பதற்கே ஒரு காலத்தில் போராட வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 1880 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாத்திகர் சார்லஸ் பிராட்லா, கடவுள் பெயரால் உறுதிமொழி எடுக்கும் சிக்கலால் 1886 வரை தம் இருக்கையில் முறையாக அமர முடியவில்லை. அவருடைய இயக்கத்தின் தாக்கத்தில் சென்னையில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயங்கிய சுயசிந்தனையாளர் சங்கம், ‘தத்துவவிவேசினி’ என்னும் தமிழ் இதழை நடத்தி, சாதியையும் சடங்கையும் பகுத்தறிவின் முன் நிறுத்தியது. பிராட்லாவோடு தோளோடு தோள் நின்ற அன்னி பெசன்ட், 1889 இல் பிரம்மஞானக் கொள்கைக்கு மாறி, பிற்காலத்தில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக வாழ்ந்தார். மனித மனம் இரு திசையிலும் நகரக்கூடியது என்பதற்கு அவர் வாழ்வே எடுத்துக்காட்டு. அவ்வாறு நகர்வதற்குரிய வழியை அடைக்காமலிருப்பதே சட்டத்தின் கடமை. இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை, பதவியேற்போர் கடவுள் பெயரால் ஆணையிடவும் உளமார உறுதி கூறவும் சம உரிமை தருகிறது. 1969 ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டம் சாட்சிக் கூண்டில் ஏறுவோருக்கும் அதே தெரிவை அளிக்கிறது. உண்மை பேசுவதற்கு இறைநம்பிக்கை முன்நிபந்தனை அன்று என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் இது.

திருமணத்தில் இந்த ஒப்புதல் எளிதில் வரவில்லை. 1872 ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணந்துகொள்ள விரும்பியோர், பெரிய மதங்கள் எதையும் தாங்கள் சார்ந்தவர்கள் அல்லர் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. மறுபுறம், புரோகிதரும் வேள்வித் தீயும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1950களில் தீர்ப்பளித்தது. அண்ணா தலைமையிலான அரசு 1967 இல் கொண்டுவந்த திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொள்ளும் மணத்தை, முன்பே நடந்தவை உட்பட, செல்லத்தக்கதாக்கியது. எந்த இந்துவும் தாம் விரும்பிய சடங்கோடு மணம் செய்துகொள்வதை அந்தத் திருத்தம் தடுக்கவில்லை. சடங்கு வேண்டாதவருக்கு மட்டும் புதிய வாயிலைத் திறந்தது. நாத்திகர் கேட்கத்தக்க சட்டத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி காண்பது அரிது.

ஆயினும் அந்த நாத்திகர் இந்துச் சட்டத்தினுள்ளேயே இருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாதவர் என்ற எதிர்மறை வரையறையால், கடவுளை மறுப்பவரும் குடும்பச் சட்டத்தில் இந்துவாகவே எண்ணப்படுகிறார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நம்பிக்கையைத் துறந்த கேரளப் பெண் ஒருவர், தமக்கு மதச் சட்டம் அன்றிப் பொதுவான இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்த வேண்டும் என்று தொடுத்த வழக்கை 2024 இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. பிறப்பால் வந்த மத அடையாளத்தை ஒருவர் மனமறிந்து விலக்கிய பின்னும் அதே மதத்தின் சொத்துரிமை விதி அவரைப் பின்தொடர்வது, அரசமைப்பின் 25 ஆம் உறுப்பு காக்கும் மனச்சான்றின் சுதந்திரத்தைப் பாதியாகக் குறைப்பதாகும்.

மனம் புண்படுதல் பற்றிய சட்டம் இதைவிடக் கடினமானது. 1953 இல் திருச்சிராப்பள்ளியில் பெரியார் களிமண்ணால் செய்த பிள்ளையார் உருவத்தை உடைத்ததைக் குறித்த முறையீட்டைக் கீழமை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும், கோயிலில் நிறுவப்படாத பொம்மை புனிதப் பொருள் ஆகாது என்ற அடிப்படையில் தள்ளின. 1958 இல் உச்ச நீதிமன்றம், ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 295 இன் பாதுகாப்பைப் பெறும் என்று விளக்கி, காலம் கடந்துவிட்டதால் வழக்கை மீண்டும் நடத்தத் தேவையில்லை என்று விட்டது. ஒருவர் தாமே செய்வித்த பொருளை உடைப்பதும் மற்றவர் வழிபடும் பொருளை அழிப்பதும் ஒன்றல்ல. முன்னது கருத்து, பின்னது தீங்கு. பெரியார் சிலைகளின் அடியில் உள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை நீக்கக் கோரிய மனுவை 2019 இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, கடவுளை மறுக்கும் உரிமையும் கருத்துரிமையே என்று இந்த வேறுபாட்டைக் காத்தது. 2017 இல் கோயம்புத்தூரில் நாத்திகக் கருத்துகளை வெளியிட்டு வந்த இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டதை நினைத்தால், அந்தப் பாதுகாப்பு ஏட்டளவிலான ஒன்றல்ல என்பது விளங்கும்.

அறிவியல் நாத்திகர் தவறக்கூடிய இடமும் உண்டு. சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தை எதிர்த்து சிரூர் மடம் தொடுத்த வழக்கில், 1954 இல் உச்ச நீதிமன்றம், ஒரு மதத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே முதன்மையாக அறிய வேண்டும் என்றது. 1961 இல் அஜ்மீர் தர்கா வழக்கில், மூடநம்பிக்கையால் ஒட்டிக்கொண்ட பழக்கங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று ஒரு படி கூடுதலாகச் சென்றது. இது நாத்திகருக்கு இனிப்பாகத் தோன்றலாம். ஆனால் உண்மையான மதம் எது, ஒட்டு எது என்று நீதிபதி பிரித்துச் சொல்லும்போது, சோதிக்க இயலாத கூற்றின் மீது அரசு முத்திரை விழுகிறது. நாளை வேறொரு நீதிபதி அதே அதிகாரத்தால் மூடப்பழக்கம் ஒன்றை இன்றியமையாதது என்று அறிவிக்கவும் வழி பிறக்கிறது. அர்ச்சகர் நியமனம் பற்றிய 1972 ஆம் ஆண்டுச் சேஷம்மாள் தீர்ப்பு, நியமிப்பது உலகியல் செயல் என்றும் பூசை முறை சமயச் செயல் என்றும் பிரித்தது. அந்தப் பிரிவினைக்குப் பின்னும், எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகும் உரிமை, கோயில் வழிபாட்டு விதிநூல்களான ஆகமங்கள் குறித்த வாதங்களில் சிக்கிப் பல பத்தாண்டுகள் தாமதமானது. ‘பிறப்பால் ஒருவரை விலக்குவது சமத்துவத்தைக் கெடுக்கிறதா?’ என்று நேரடியாகக் கேட்டிருந்தால், நீதிபதிகள் ஆகமப் பண்டிதராக வேண்டிய தேவையே வந்திராது. பொது ஒழுங்கு, அறநெறி, நலவாழ்வு, பிற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே மதச் சுதந்திரம் என்று 25 ஆம் உறுப்பு சொல்வதால், அந்தக் கேள்விக்கு அரசமைப்பிலேயே இடம் இருக்கிறது.

மதம் வெறும் கூற்றுகளின் தொகுப்பு அன்று, அது துயரில் துணையும் ஊர்கூடிக் கொண்டாடும் வாழ்வும் ஆகும் என்று நம்பிக்கையாளர் சொல்வது உண்மை. பங்குனியில் அறுபத்துமூவர் உலா வரும் மயிலாப்பூர் மாடவீதிகளில் திரளும் மக்களை, சான்று கேட்டுக் கலைக்க எந்த அறிவியலுக்கும் உரிமையில்லை. 1976 இல் சேர்க்கப்பட்ட 51ஏ உறுப்பு அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக்கியதும், மற்றவரைத் திருத்தும் தடியாக அன்று; நீதிமன்றமும் அரசும் தம் முடிவுகளைச் சான்றின் மீது நிறுத்த வேண்டும் என்ற நெறியாகவே பொருள்கொள்ளத்தக்கது. ஆகவே நாத்திகர் சட்டத்திடம் கேட்க வேண்டியவை தெளிவானவை: நம்பிக்கையைத் துறந்தவருக்கு மதச் சார்பற்ற குடும்பச் சட்டம், மறுப்புக்கும் போற்றுதலுக்கும் ஒரே அளவான பேச்சுரிமை, வழக்குகளில் யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்பதற்கான சான்று. கடவுள் உண்டா என்ற கேள்வியை மக்களிடமும் அவர்தம் உரையாடலிடமும் விட்டுவிடும் அரசே, அக்கேள்விக்கு இல்லை என்று விடை சொல்பவரையும் ஆம் என்று சொல்பவரையும் ஒருங்கே காக்க வல்லது.