தடுத்தது யார்?

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடக்கவே ஒரு காலத்தில் தடை இருந்தது. அதை எதிர்த்து 1926-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. அந்தத் தடை தெய்வத்தின் சித்தமா, மனிதர் எழுதிய விதியா? இந்தப் பழைய கேள்விக்கு, கணினித் துறையில் அன்றாடம் எழுதப்படும் ஒரு சிறு நிரல் வெளிச்சம் தருகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய வலைச் செயலிக்கு ஒரு முகவரி வந்தால், அதை முதலில் வாங்கிப் பார்ப்பது ரூட்டர் என்ற அந்தச் சிறு நிரல். எந்த வடிவில் முகவரி வந்தால் எந்தச் செயற்கூறைக் கூப்பிடுவது என்ற பட்டியல் அதனிடம் உண்டு. ‘/கோயில்/:பெயர்’ என்று ஒரு வரி இருந்தால், பெயரின் இடத்தில் தாணு (சிவன்), மால் (திருமால்), அயன் (பிரமன்) எது வந்தாலும் ஒரே செயற்கூறுதான் பதில் தரும். சுசீந்திரத்தின் ஒரே லிங்கம் அந்த மூவருக்கும் உரியதாக இருப்பதைப் போல. எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் இந்தப் பட்டியல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். எல்லாவற்றுக்கும் பொருந்தி விடை சொல்லிவிடும் வரியை உச்சியில் வைத்தால் கீழே உள்ளவற்றுக்கு வேலையே இராது. நடுவில் மிடில்வேர் என்ற காவலும் உண்டு. அது ‘நெக்ஸ்ட்’ என்று விட்டால் கோரிக்கை உள்ளே போகும். 403 என்று திருப்பினால் அங்கேயே முடிந்தது, செயற்கூறு கூப்பிடப்படுவதே இல்லை. 404 என்றால் கேட்டது இல்லை என்று பொருள். 403 என்றால் இருக்கிறது, உனக்குக் கிடையாது. சாதித் தடை இந்த இரண்டாவது வகை. அதைக் கருவறையின் இயல்பு என்றே தலைமுறை தலைமுறையாக நம்பவைத்தார்கள்.

எல்லாம் அறிந்த இறைவனை அறிவற்ற நிரலோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒப்பிடுவது இறைவனை அல்ல, வழியில் நின்ற விதியை. எல்லாம் அறிந்தவன் என்றால் அந்த விதியை அவன் தலையில் கட்டுவது இன்னும் பெரிய பிழை. 1936 நவம்பர் 12-இல், சுசீந்திரம் அன்று அடங்கியிருந்த திருவிதாங்கூரின் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். மாறியது காவல் வரி மட்டும். லிங்கம் அதே லிங்கம். தாணுமாலயன் அன்றோடு மகிமை குறைந்தான் என்று நாஞ்சில் நாட்டில் யார் சொல்வார்? அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அய்யா வைகுண்டர் (1809–1851) சாமித்தோப்பில் காவலே இல்லாத வழியைத் திறந்துவிட்டார். அங்குள்ள முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் தண்ணீர் எடுத்தார்கள். பள்ளியறை எனப்படும் கருவறையில் சிலை இல்லை, கண்ணாடிதான்.

விதியே இல்லாமல் வழிபாடு நடக்குமா என்பது நியாயமான கேள்வி. நடக்காது. எந்த நேரத்தில் எந்தப் பூசை, எது முன், எது பின் என்ற ஒழுங்கு வேண்டும். வரிசை பிசகினால் ரூட்டரும் தவறிப்போகும். ஆனால் கோரிக்கையை வகைபிரிப்பது வேறு, பிறப்பைக் கேட்டு ஆளைத் திருப்புவது வேறு. 2021-இல் தமிழ்நாடு அரசு பல சாதிகளிலிருந்தும் பயிற்சி பெற்றவர்களை அர்ச்சகர்களாக நியமித்தபோது வழக்குகள் வந்தன. சாத்திரம் தடுக்கிறது என்று சொல்பவர்களிடம், அந்த வரியை எழுதியது யார் என்று கேளுங்கள்.