ஆடாத சீட்டு

1993-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உண்டாக்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆட்டத்தில் ‘பிளாக் லோட்டஸ்’ என்று ஒரு சீட்டு. கறுப்புத் தாமரை! முதல் பதிப்பில் சுமார் 1,100தான் அச்சாயிற்று. இன்று அதைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் முத்திரையிட்டு, வெயிலும் ஈரமும் படாமல் காக்கிறார்கள். பி.வி.சி. உறை கூடாது, நாளாவட்டத்தில் அதிலிருந்து கசியும் ரசாயனம் சீட்டைக் கெடுத்துவிடும். நியாயமான ஜாக்கிரதைதான்.

ஆனால் கைபடாத சீட்டுக்கு லட்சக்கணக்கான டாலர். ஆடி ஆடி மூலை மழுங்கியதற்கு வெகு குறைவு. இந்தக் கணக்குத்தான் எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளைகள் மேஜையில் போட்டு ஆடியிராவிட்டால் அந்தப் பெயர் யாருக்குத் தெரிந்திருக்கும்? கசக்கியவர்கள் சம்பாதித்த புகழைக் கசங்காத சீட்டு அனுபவிக்கிறது.

நூறு வருஷம் கழித்து ஒருவன் உறையைப் பிரிக்கலாம். சீட்டு புத்தம் புதிதாக இருக்கும். எதிரே உட்கார, ஆட்டம் தெரிந்த ஓர் ஆளும் வேண்டுமே!