ஏழு நாள் பாரிஸ்

லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் காந்தி ஏழு நாள் பாரிஸுக்குப் போனார். சைவ உணவகம் ஒன்றிலேயே அறை எடுத்துத் தங்கினார். நகர வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் நடந்தே சுற்றினார்.

1889 உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய ஈபிள் கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார். உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காக ஏழு ஷில்லிங் செலவழித்தார். அது வீண்செலவு என்று பின்னாளில் ‘சத்திய சோதனை’யில் எழுதினார். அவர் நெஞ்சில் நின்றவை பழைய தேவாலயங்களின் அமைதியும், அங்கே மண்டியிட்டு வேண்டியவர்களின் பக்தியும்தான்.

சாணார்பட்டியிலிருந்து கடல் கடந்து படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளே! விடுமுறை கிடைத்தால் நீங்களும் தோழரோடு பக்கத்து நகரத்துக்கு நாலு நாள் போய்வாருங்கள். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் நடந்த கால்கள் அந்த ஊர்ச் சந்தையிலும் நடக்கட்டும். கோபுரத்தோடு படம் எடுங்கள். அதன் நிழலில் வாழும் மனிதர்களோடும் பேசுங்கள். இருவர் சேர்ந்து போனால் செலவு பாதியாகும், கண்டது இரட்டிப்பாகும்.

பார்த்த இடம் படத்தில் இருக்கும். பழகிய மனிதர் மனத்தில் இருப்பார்.